வரிகளை வாசித்த பியானோ

கேட்கப்பட்ட கேள்வி சுருக்கமாக இது: "ஜாஸ் பியானோக்காரர் ஹெர்பி ஹான்காக்கின் 'ரிவர்: த ஜோனி லெட்டர்ஸ்' ஆல்பத்தை இரண்டு தடவை கேட்டுவிட்டேன். பெரிய ஹோட்டல் லாபியில் ஓடுகிற இசை மாதிரிதான் இருக்கிறது. பாதிப் பாட்டில் மூலப் பாட்டு எங்கே என்றே தெரியவில்லை. இது எப்படி ஏமி வைன்ஹவுஸைத் தாண்டி கிராமி வாங்கியது? ஜோனி மிட்செல் மாதிரி ஒரு பாடகி தானே எழுதிப் பாடிய பாட்டுகளை ஜாஸ்காரர்கள் எடுத்து வாசிப்பதில் அப்படி என்ன இருக்கிறது, எங்கிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?"

மூன்று கேள்வி இருக்கிறது, மூன்றுக்கும் பதில் ஒரே இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. இந்த ஆல்பத்தைக் கேட்கும்போது உங்கள் கையில் ஜோனி மிட்செலின் பாட்டு வரிகள் இருந்தனவா? இல்லையென்றால் பாதி ஆல்பத்தை மட்டும்தான் கேட்டிருக்கிறீர்கள். பாடுகிறவரே இல்லாத டிராக்குகளுக்குத்தான் வரிகள் இன்னும் அதிகம் தேவை. பதினைந்து வருஷத்துக்கும் மேலாக இதைத் திரும்பத் திரும்பக் கேட்டு வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த ஒன்றைச் செய்தால் லாபி இசை என்ற எண்ணம் பெரும்பாலும் போய்விடும்.

முதலில் ஆல்பத்தைப் பற்றிக் கொஞ்சம். 2007 செப்டம்பர் 25 அன்று வெர்வ் நிறுவனம் வெளியிட்டது. ஹான்காக்கோடு சேர்ந்து தயாரித்தவர் லேரி க்ளைன். இவர் ஜோனியின் முன்னாள் கணவர், 1982இல் கல்யாணம் செய்து பத்து வருஷத்துக்கு மேல் அவரோடு வாழ்ந்தவர், அவருடைய ஆல்பங்களில் பேஸ் வாசித்தவர், உடன் தயாரித்தவர். ஹான்காக் பியானோ, வேய்ன் ஷார்ட்டர் சாக்ஸபோன், டேவ் ஹாலண்ட் பேஸ், வின்னி கொலயூட்டா டிரம்ஸ், பெனின் நாட்டிலிருந்து வந்த லயனல் லுவெக்கே கிட்டார். பத்து டிராக். ஆறில் குரல் உண்டு, நாலில் கிடையாது. அதே நாளில்தான் ஜோனியின் சொந்த ஆல்பமான 'ஷைன்' வெளிவந்தது என்பது பலருக்குத் தெரியாது.

இந்த மாதிரி ஆல்பம் ஏன் கஷ்டம் என்பதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். ஜாஸ்காரர்கள் காலம் காலமாக எடுத்து வாசித்த பாட்டுகள் பெரும்பாலும் அமெரிக்க நாடக மேடைக்கும் சினிமாவுக்கும் எழுதப்பட்டவை. ஒருவர் மெட்டுப் போடுவார், இன்னொருவர் வரி எழுதுவார், மூன்றாவதாக யார் வேண்டுமானாலும் பாடுவார்கள். முப்பத்திரண்டு தாள ஆவர்த்தனத்துக்குள் அழகாக முடியும், உள்ளே கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) நன்றாக நகரும், அதன் மேல் மணிக்கணக்கில் மனோதர்மம் செய்யலாம். பாட்டு யாருடையதும் இல்லை என்பதால் எல்லோருடையதும் ஆகிவிட்டது. தானே எழுதி, தானே மெட்டமைத்து, தானே பாடுகிறவருடைய பாட்டு அப்படி இல்லை. அதில் வரும் 'நான்' ஒரு குறிப்பிட்ட ஆள். மெட்டு அந்த ஆளின் பேச்சிலிருந்து பிறந்தது, அந்தக் குரல் இழுக்கும் இடத்தில் இழுக்கும், நிற்கும் இடத்தில் நிற்கும். அதிலும் அறுபதுகளின் நாட்டுப்புறப் பாணியில் வந்தவர்கள் பலர் மூன்று நாலு கார்டை வைத்துக்கொண்டு ஏழெட்டு சரணம் பாடுவார்கள், எல்லாப் பாரமும் சொல்லில். சொல்லை உருவிவிட்டால் ஜாஸ்காரர் கையில் மிஞ்சுவது மூன்று கார்டுதான். அதனால்தான் இந்த வகை ஆல்பங்களில் பெரும்பாலானவை இரண்டு குழியில் ஒன்றில் விழுகின்றன: மூலத்தை அப்படியே பாடிவிட்டு நடுவில் ஒரு சாக்ஸபோன் சோலோ போடுவது, அல்லது பாட்டின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தங்கள் வழக்கமான ஜாஸை வாசிப்பது.

ஜோனியின் பாட்டுகள் இதில் விதிவிலக்கு. அதற்குக் காரணம் அவருடைய இடது கை. கனடாவில் வளர்ந்த ஜோனிக்கு ஒன்பது வயதில் போலியோ வந்தது. பிழைத்துவிட்டார், ஆனால் இடது கை பலவீனமாகிவிட்டது. பின்னால் கிட்டார் பழகும்போது வழக்கமான கார்டுகளை அழுத்திப் பிடிக்க அந்தக் கை ஒத்துழைக்கவில்லை. அதனால் கம்பிகளையே வேறு வேறு சுருதிக்கு மாற்றிக் கட்டிக்கொண்டார், ஒரு விரலை வைத்தாலே முழு கார்டு கேட்கும்படி. இப்படி ஐம்பதுக்கும் மேற்பட்ட ட்யூனிங்குகளைப் பயன்படுத்தியிருக்கிறார். அதிலிருந்து பிறந்த கார்டுகளில் பல, எந்தப் புத்தகத்தையும் பார்த்துப் பிறந்தவை இல்லை.

அந்தக் கார்டுகளின் குணத்தை நம் பாஷையில் சொல்கிறேன். ஒரு சாதாரண கார்டில் ஸட்ஜமம், காந்தாரம், பஞ்சமம் இருக்கும். சந்தோஷமா துக்கமா என்று சொல்வது நடுவில் உள்ள காந்தாரம்தான். அதை எடுத்துவிட்டு மத்யமத்தை வைத்தால் எந்தப் பக்கமும் சொல்லாமல் கார்டு தொங்கிக்கொண்டு நிற்கும். மேற்கத்திய முறைப்படி அந்த மத்யமம் இறங்கிக் காந்தாரத்தில் உட்கார வேண்டும், அதுதான் மரியாதை. ஜோனி பல இடத்தில் உட்கார விடமாட்டார், ஒரு தொங்கலிலிருந்து இன்னொரு தொங்கலுக்குப் போவார். கேள்வி கேட்கும் கார்டுகள் என்று அவரே பெயர் வைத்திருக்கிறார். அவர் வாழ்க்கையில் பதில் கிடைக்காத விஷயங்கள் இருந்தன, பாட்டில் மட்டும் எப்படிப் பதில் வரும்?

இப்போது ஹான்காக் பக்கம் வாருங்கள். 1965இல் அவர் வெளியிட்ட 'மெய்டன் வாயேஜ்' கேட்டிருப்பீர்கள், கேட்டிருக்காவிட்டால் இன்றைக்கே கேளுங்கள். அந்தப் பாட்டு முழுக்க அதே வகைக் கார்டுகளால் கட்டப்பட்டது. ஒன்றுகூட இறங்கி உட்காராது, கப்பல் மிதந்துகொண்டே இருக்கும். சிகாகோவில் பிறந்து பதினோரு வயதில் சிகாகோ சிம்பொனியோடு மோட்ஸார்ட் வாசித்த ஒருவர் படிப்பு வழியாக வந்து சேர்ந்த அதே இடத்துக்கு, போலியோ வந்த கையோடு கம்பியைத் திருகித் திருகி ஒருத்தி தன்போக்கில் வந்து சேர்ந்திருக்கிறாள். இந்த ஆல்பத்தின் வேர் அங்கே இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். ஹான்காக் ஜோனியின் பாட்டில் புதுக் கார்டுகளை ஏற்றும்போது அது வெளியிலிருந்து போட்ட சாயமாகத் தெரியாததற்கும் இதுவே காரணம்.

இவர்கள் இந்த ஆல்பத்துக்காகத் திடீரென்று சேர்ந்தவர்களும் இல்லை. ஜோனி 1979இல் ஜாஸ் பேஸ் கலைஞர் சார்லஸ் மிங்கஸின் மெட்டுகளுக்கு வரி எழுதி ஓர் ஆல்பம் செய்தார். மிங்கஸ் அந்த வருஷம் ஜனவரியிலேயே இறந்துவிட்டார், முடிந்த ஆல்பத்தை அவர் கேட்கவில்லை. அதில் எலெக்ட்ரிக் பியானோ ஹான்காக், சாக்ஸபோன் ஷார்ட்டர், பேஸ் ஜேக்கோ பஸ்டோரியஸ். ஷார்ட்டர் அதற்கும் முன்னாலேயே, 1977இலிருந்து 2002 வரை, ஜோனியின் ஸ்டுடியோ ஆல்பங்களில் தொடர்ந்து வாசித்துவந்தவர். 1998இல் ஹான்காக் அமெரிக்க இசையமைப்பாளர் கெர்ஷ்வினின் பாட்டுகளை எடுத்துச் செய்த ஆல்பத்தில் ஜோனி வந்து இரண்டு பாட்டுப் பாடினார். 2000இல் ஜோனி பெரிய ஆர்க்கெஸ்ட்ராவோடு 'போத் சைட்ஸ் நவ்' என்ற ஆல்பம் செய்தபோது ஹான்காக்கும் ஷார்ட்டரும் போய் வாசித்தார்கள். ஆக 2007இல் அஞ்சலி செலுத்த வந்தவர்கள் முப்பது வருஷமாக அந்த வீட்டுக்குள் புழங்கியவர்கள்.

அப்படியிருந்தும் ஹான்காக்குக்கு ஒரு குறை இருந்தது, அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்: ஒரு பாட்டைக் கேட்கும்போது அவர் காது கார்டுக்கும் தாளத்துக்கும் போகுமே தவிர வரிகளைக் கவனிப்பதில்லை. ஜாஸ்காரர்கள் பலருக்கு உள்ள வழக்கம்தான். இந்த ஆல்பத்துக்கு அது உதவாது என்று தெரிந்து, க்ளைனோடு உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டின் வரிகளையும் படித்து, இது என்ன சொல்கிறது, இது யார் பேசுவது என்று விவாதித்தார். ஸ்டுடியோவில் வாசிப்பவர்கள் எல்லோர் கையிலும் வரிகள் கொடுக்கப்பட்டன, பதிவுக்கு முன்னால் அவற்றைப் பற்றிப் பேசினார்கள். அப்புறம்தான் வாசித்தார்கள்.

தமிழில் புத்தகத்துக்கும் வாத்தியத்துக்கும் நாம் சொல்வது ஒரே சொல், வாசிப்பது. இந்த ஆல்பத்தில் நடந்ததற்கு இதைவிடப் பொருத்தமான வினை எனக்குத் தெரியவில்லை. நம் கச்சேரிகளில் வயலினோ புல்லாங்குழலோ கீர்த்தனை வாசிக்கும்போது சாகித்யம் தெரிந்து வாசிக்கிறாரா என்று விஷயம் தெரிந்தவர்கள் கவனிப்பார்கள் இல்லையா, சொல் பிரியும் இடத்தில்தான் வில்லும் மூச்சும் பிரிய வேண்டும், சொல்லுக்கு நடுவில் வெட்டினால் முகம் சுளிப்பார்கள். அதே கவனத்தோடு இதைக் கேட்டுப் பாருங்கள்.

'போத் சைட்ஸ் நவ்' இந்த ஆல்பத்தில் மூன்றாவது. குரல் இல்லை. நீங்கள் மூலப் பாட்டு எங்கே என்று தேடியது இங்கேதான் என்று ஊகிக்கிறேன். ஜோனி இதை 1967இல், இருபத்து மூன்று வயதில், விமானத்தில் சால் பெல்லோவின் ஒரு நாவலைப் படித்துக்கொண்டு போகும்போது கீழே மேகங்களைப் பார்த்து எழுதினார். முதலில் ஜூடி காலின்ஸ் பாடிப் பெரிய ஹிட் ஆனது, ஜோனியின் குரலில் 1969இல் வந்தது. பாட்டு மூன்று படி ஏறுகிறது. மேகத்தை மேலிருந்தும் கீழிருந்தும் பார்த்துவிட்டேன், காதலை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டேன், வாழ்க்கையையும் பார்த்துவிட்டேன், ஆனாலும் எனக்கு அது எதுவுமே தெரியாது என்று முடிகிறது. மெட்டு ஒரு குழந்தைப் பாட்டு அளவுக்குத் தெளிவானது, ஒரு தடவை கேட்டால் முணுமுணுக்கலாம்.

ஹான்காக் அந்தத் தெளிவைத்தான் முதலில் கலைக்கிறார். பியானோ தனியாகத் தொடங்குகிறது, மெட்டு நேராக வருவதில்லை. ஒரு வரியின் வால் தெரியும், அதைப் பிடிப்பதற்குள் கார்டு அடியில் நகர்ந்துவிடும், கொஞ்சம் கழித்து இன்னொரு வரியின் தலை தெரியும். ஷார்ட்டர் நுழைந்த பிறகும் அவர் மெட்டை வாசித்துக் காட்டுவதில்லை, தெரிந்த ஒரு வாக்கியத்தைப் பாதி சொல்லிவிட்டு யோசிக்கிற மனுஷர் மாதிரி இரண்டு ஸ்வரம் ஊதுகிறார், நிறுத்துகிறார். ஏழு நிமிடத்துக்கு மேல் இப்படியே போகிறது. இப்போது வரியை நினைத்துப் பாருங்கள். பார்த்துவிட்டேன், பார்த்துவிட்டேன், ஆனால் தெரியவில்லை. மேகத்துக்குள் விமானம் போகும்போது ஜன்னலில் தெரிவது போல, தெரிந்தும் தெரியாமலும்தான் மெட்டு வருகிறது. நான் ஒரு ராத்திரி ஹெட்போன் மாட்டிக்கொண்டு, மடியில் வரிகளை விரித்து வைத்து, விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே இதைக் கேட்டேன். மூன்றாவது சரணத்துக்கு வந்தபோது விரல் எந்த வரியில் நிற்க வேண்டும் என்று தெரியவில்லை, பியானோ இரண்டு வரிக்கு நடுவில் எங்கேயோ இருந்தது. அதற்கு முன் பத்துத் தடவை கேட்டிருப்பேன், அன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

இதற்கு நேர் எதிர் 'எடித் அண்ட் த கிங்பின்'. இதில் மெட்டு மறையவில்லை, கதை தெளிவாக நடக்கிறது, பாடுவது டீனா டர்னர். ஊருக்குப் பெரிய மனுஷன் ஒருவன், சட்டத்துக்கு வெளியே பணம் பார்க்கிறவன், ஒரு இடத்துக்கு வருகிறான். அங்கே இருக்கிற பெண்களில் எடித்தைத் தேர்ந்தெடுக்கிறான். கடைசியில் இருவரும் கண்ணோடு கண் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள், யாருக்கும் பார்வையை எடுக்கத் துணிச்சல் இல்லை. ஜோனி 1975இல் பாடியபோது அந்த அறையின் மூலையில் நின்று பார்த்துச் சொல்லும் குரல் கேட்கும். டீனா பாடும்போது அந்த மேஜையிலேயே உட்கார்ந்து எழுந்து வந்தவரின் குரல். அடித்த கணவனை விட்டு வெளியே வந்த கதையை உலகத்துக்கே சொன்னவர் அவர். மேடையில் அவர் எப்படி வெடிப்பார் என்று பார்த்தவர்களுக்கு இந்த அடக்கம் ஆச்சரியமாக இருக்கும். ஒரு இடத்தில்கூட குரலை உயர்த்தவில்லை. அடியில் ஹாலண்டின் பேஸ் நடக்கிற நடையைக் கேளுங்கள், அவசரமே இல்லாத, எல்லாம் தன் கையில் இருக்கிறது என்று நினைக்கிற ஓர் ஆளின் நடை. இந்த ஆல்பத்தில் எனக்கு மிகவும் பிடித்த பாட்டு இதுதான்.

ஜோனியே வந்து பாடுவது 'டீ லீஃப் ப்ராஃபசி'. அவர் அம்மா அப்பா கதை. இரண்டாம் உலகப்போர் சமயம், டீக்கோப்பையில் படிந்த இலையைப் பார்த்து ஜோசியம் சொல்கிறவள், இந்தப் பெண்ணிடம் ஒரு மாசத்தில் உனக்குக் கல்யாணம் என்கிறாள். பெண்ணுக்குச் சிரிப்பு, ஊரில் இளைஞர்கள் எல்லோரும் போருக்குப் போய்விட்டார்களே. விடுமுறையில் ஒரு ராணுவக்காரர் வருகிறார், ஜோசியம் பலிக்கிறது. அப்புறம் அந்தச் சின்ன ஊர் வாழ்க்கை, ஒவ்வொரு வருஷமும் இங்கிருந்து போகிறேன் என்று சொல்லும் அம்மா, போகவே போகாத அம்மா. கடைசியில் குழந்தையைத் தூங்க வைத்துக்கொண்டே, ஹிரோஷிமாவுக்கு மன்னிப்பே இல்லை, நீ வளர்ந்து குழந்தை பெற்றுக்கொள்ளாதே என்கிறாள். 1988இல் இது வந்தபோது அந்தக் காலத்து சிந்தசைசர் சத்தத்துக்குள் புதைந்து கிடந்தது, நான் நூறு தடவை தாண்டிப் போயிருக்கிறேன். இங்கே பியானோ, பேஸ், சாக்ஸபோன் நடுவில், பல வருஷச் சிகரெட்டில் கீழே இறங்கிவிட்ட குரலில் அவர் சொல்லும்போது கதை அப்படியே வெளியே வந்து நிற்கிறது. பெண்ணாகப் பாடியதை இப்போது அம்மா வயதில் பாடுகிறார். மூலத்தைவிட இது மேல் என்று நான் தயங்காமல் சொல்லும் ஒரே டிராக்.

ஜோனி எழுதாத இரண்டு பாட்டு நடுவில் இருப்பதைக் கவனித்தீர்களா? ட்யூக் எலிங்டனின் 'சாலிட்யூட்', ஷார்ட்டரின் 'நெஃபர்டிட்டி'. அஞ்சலி ஆல்பத்தில் இதற்கு என்ன வேலை என்று கேட்பார்கள். ஜோனி கேட்டு வளர்ந்த இசை, அவர் காதை உருவாக்கிய இசை என்று இவற்றைச் சேர்த்தார்கள். 'சாலிட்யூட்' பில்லி ஹாலிடே பாடியது. 'நெஃபர்டிட்டி'க்கு இன்னொரு பொருத்தமும் உண்டு. 1967இல் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் குழுவில் இதைப் பதிவு செய்தபோது பியானோவில் இருந்தவர் ஹான்காக், சாக்ஸபோனில் ஷார்ட்டர். அந்தப் பதிவில் ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும் சோலோவே எடுக்கவில்லை, ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே இருந்தார்கள், அடியில் டோனி வில்லியம்ஸின் டிரம்ஸ்தான் ஒவ்வொரு சுற்றுக்கும் வேறாக மாறியது. மெட்டு மாறாமல் சரணம் சரணமாகக் கதை மாறுவதுதானே ஜோனி செய்ததும்? நாற்பது வருஷம் கழித்து அதே இரண்டு பேர் அதே பாட்டைத் திரும்ப எடுக்கும்போது பழைய வீட்டுக்குள் இருட்டில் நடப்பவர்கள் மாதிரி, எங்கே சுவர் எங்கே கதவு என்று பார்க்காமலே போகிறார்கள்.

'அமீலியா'வை லூசியானா சூசா பாடுகிறார், பிரேசில்காரர், க்ளைனின் மனைவி. 1937இல் பசிபிக் கடல் மேல் காணாமல் போன விமானி அமீலியா இயர்ஹார்ட்டோடு, பாலைவனத்தில் தனியாகக் கார் ஓட்டிப் போகும் ஒரு பெண் பேசுவது போன்ற பாட்டு. வானத்தில் ஆறு விமானம் விட்டுப்போன ஆறு வெள்ளைக் கோடு கிட்டார் கம்பிகளாகத் தெரியும். அருமையான வரிகள், சூசாவும் நேர்மையாகப் பாடுகிறார், ஆனால் 1976இல் ஜோனி பாடியதில் இருந்த தனிமை இதில் இல்லை. கூட இத்தனை பேர் வாசிக்கும்போது அந்தக் கார் காலியாக இல்லை. 'ஸ்வீட் பேர்ட்' எட்டு நிமிடம், குரல் இல்லாதது, ஷார்ட்டருக்காக மட்டுமே கேட்கலாம்.

உங்கள் லாபிக் குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிற இடங்களையும் சொல்லிவிடுகிறேன். நோரா ஜோன்ஸ் பாடும் 'கோர்ட் அண்ட் ஸ்பார்க்' முதல் டிராக்காக இருப்பது இந்த ஆல்பத்துக்கு நல்லது செய்யவில்லை. மூன்று நிமிடம்கூட இல்லாத மூலப் பாட்டை ஏழு நிமிடத்துக்கு மேல் இழுத்திருக்கிறார்கள். வாசலில் பைத்தியக்கார மனசோடு வந்து நிற்கும் ஒருவனைப் பற்றிய பாட்டு, நோராவின் குரலில் அந்த ஆபத்து தெரியவில்லை. கொரீன் பெய்லி ரே பாடும் 'ரிவர்' அழகுதான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பாட்டில் பனியே பெய்யாத கலிபோர்னியாவில் கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒருத்தி தன் ஊர் ஆறு உறைந்து கிடப்பதை நினைக்கிறாள், அதில் சறுக்கிக்கொண்டே எங்காவது ஓடிப்போக ஏங்குகிறாள், நல்லவனை இழந்தது தன் தப்பு என்கிறாள். அந்தத் தப்பின் எடை 1971 பதிவில்தான் இருக்கிறது. இந்த இரண்டையும் முதல் நாலு டிராக்குக்குள் வைத்துவிட்டதால், பின்னணியில் ஓடவிட்டுக் கேட்கிறவர் மொத்த ஆல்பத்தையும் மெழுகுவர்த்திச் சாப்பாட்டு இசை என்று முடிவு கட்டிவிடுகிறார்.

இன்னொன்று, எதில் கேட்டீர்கள்? போன் ஸ்பீக்கரில் என்றால் ஹாலண்டின் பேஸ் மொத்தமாகப் போய்விடும். டிரம்ஸ் வாசிக்கும் கொலயூட்டா, ராக் இசைக்காரர் ஃப்ராங்க் ஸாப்பாவிடம் வாசித்தவர், எந்தக் கணக்கையும் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கக்கூடியவர், இங்கே பல நிமிடம் தட்டுவதே தெரியாத அளவுக்குச் சன்னமாக வாசித்திருக்கிறார். அந்தச் சன்னத்துக்குள் நடப்பது அத்தனையும் சின்ன ஸ்பீக்கரில் காணாமல் போகும், மிஞ்சுவது மெதுவான பியானோவும் மெதுவான குரலும்தான். அப்படிக் கேட்டால் லாபி இசை மாதிரி இருக்கத்தான் செய்யும்.

சரி, கிராமி. 2008 பிப்ரவரியில் நடந்த ஐம்பதாவது விழா. வருஷத்தின் சிறந்த ஆல்பத்துக்குப் போட்டியில் இருந்தவை ஏமி வைன்ஹவுஸின் 'பேக் டு பிளாக்', கான்யே வெஸ்டின் 'கிராஜுவேஷன்', அப்புறம் ஃபூ ஃபைட்டர்ஸ், வின்ஸ் கில் ஆல்பங்கள். ஏமி அன்றைக்கு மட்டும் ஐந்து விருது வாங்கினார், இது ஒன்றுதான் கை நழுவியது. ஜாஸ் ஆல்பம் ஒன்று இந்த விருதை வாங்குவது அது இரண்டாவது தடவை. முதல் தடவை 1965 விழாவில், ஸ்டான் கெட்ஸும் ஷுவாவோ ஷில்பெர்ட்டோவும் செய்த பிரேசில் பாட்டுகளின் ஆல்பம். நடுவில் நாற்பத்து மூன்று வருஷம். மைல்ஸ் டேவிஸ், ஜான் கோல்ட்ரேன் யாருக்கும் கிடைக்காத விருது, ஹான்காக் மேடையில் அந்த இருவர் பெயரையும் சொல்லித்தான் நன்றி கூறினார். இரண்டு தடவையும் ஜெயித்தது மனசில் நிற்கும் பாட்டுகளும் மென்மையான குரலும் உள்ள ஆல்பம் என்பதைக் கவனியுங்கள்.

ஏமியைவிட இது பெரியதா என்று கேட்டால், அந்த வருஷத்தின் குரல் 'பேக் டு பிளாக்'தான், அதற்குக் கொடுத்திருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன். ஓட்டுப் போட்டவர்களில் பலர் ஹான்காக்கின் நாற்பது ஐம்பது வருஷ வாழ்க்கைக்கும் ஜோனியின் பெயருக்கும் சேர்த்துப் போட்டிருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அதை வைத்து ஆல்பத்தை எடை போடாதீர்கள். விருது கிடைத்ததால் அது வளரவும் இல்லை, ஏமியிடமிருந்து பறித்ததால் சிறுக்கவும் இல்லை.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டீர்கள். வரிசைப்படி கேட்க வேண்டாம். ஜோனியின் 1975 ஆல்பம் 'த ஹிஸ்ஸிங் ஆஃப் சம்மர் லான்ஸ்' எடுத்து அதில் 'எடித் அண்ட் த கிங்பின்' பாட்டை வரிகளோடு ஒரு தடவை கேளுங்கள், உடனே டீனா பாடியதைப் போடுங்கள். இது சுலபம், ஒன்று எங்கே முடிந்து இன்னொன்று எங்கே தொடங்குகிறது என்று காதுக்குப் பிடிபடும். அடுத்தது 'டீ லீஃப் ப்ராஃபசி'. மூன்றாவதாக 'போத் சைட்ஸ் நவ்', ஆனால் அதற்கு முன்னால் 1969 பதிவையும் 2000இல் ஐம்பதைத் தாண்டிய வயதில் ஆர்க்கெஸ்ட்ராவோடு பாடியதையும் கேட்டுவிட்டு வாருங்கள். முடிந்தால் 2024 கிராமி மேடையில் எண்பது வயதில், மூளை ரத்தக்குழாய் வெடித்துப் பேச்சைத் திரும்பப் பழகி வந்த பிறகு, நாற்காலியில் உட்கார்ந்து பாடியதையும் பாருங்கள். அதற்கப்புறம் ஹான்காக் எதைச் சொல்லாமல் விட்டார் என்பது உங்களுக்கே கேட்கும்.

கடைசி டிராக்கைத் தனியாக ஒரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். 'த ஜங்கிள் லைன்'. 1975இல் ஜோனி இதைச் செய்தபோது புருண்டி நாட்டு முரசுக்காரர்களின் பதிவை எடுத்துச் சுழலவிட்டு அதன் மேல் மூக் சிந்தசைசர் வைத்துப் பாடினார், அந்தக் காலத்தில் பாப் உலகில் அப்படி யாரும் செய்வதில்லை. அந்தப் பாட்டு என்றால் முரசுதான். ஹான்காக் அந்த முரசை மொத்தமாக எடுத்துவிட்டார். டிரம்ஸ் இல்லை, பேஸ் இல்லை, சாக்ஸபோன் இல்லை, பியானோ மட்டும். பாட்டும் இல்லை, லெனர்ட் கோஹன் வரிகளைப் பேசுகிறார். 1967இல் ஜோனி காதலித்த மனிதர், அவரும் தானே எழுதித் தானே பாடியவர், நாற்பது வருஷம் கழித்து அவள் எழுதிய சொற்களை அந்த அடிக்குரலில் ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார். ஓவியர் ரூஸோவின் காடு, இரவு விடுதி, நகரத்து இரும்பு எல்லாம் அந்தச் சொற்களில் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கின்றன. வரி முடியும் இடத்தில் பியானோ பதில் சொல்கிறது, சில இடத்தில் அவர் சொல்லி முடிக்கும் வரை காத்திருக்காமல் முந்திக்கொள்கிறது. விளக்கை அணைத்துவிட்டு, வரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். ஐந்து நிமிடம்தான்.